தொப்பிக்கு அடியில்

அத்தியாயம் 9

அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து அதை அணைப்பேன். பால் புட்டிகளைக் கொதிநீரில் போடுவேன். அவை கொதிக்கிற நேரத்தில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பல் தேய்ப்பேன். பவுடரை அளந்து போட்டு, புட்டியைக் குலுக்கி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். குழந்தையின் துணியை மாற்றுவேன். பழையதைச் சுருட்டி வாளியில் போடுவேன். பால் கொடுத்து, தோளில் போட்டு முதுகைத் தட்டுவேன். ஏப்பம் வந்ததும் அப்பாவின் மடியில் விட்டுவிட்டு, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.

இதில் எந்த இடத்திலும் குழந்தையின் தலையில் என் கை படாது. படாதபடி பார்த்துக்கொண்டேன்.

தொப்பி அதற்குத்தான். வெள்ளைப் பருத்தித் தொப்பி. காதுவரை இழுத்துவிட்டு, தாடைக்குக் கீழே நாடாவைக் கட்டினால் முகம் மட்டும் தெரியும். பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே அம்மா" என்பார்கள். நான் ஆமாம் என்பேன்.

தொப்பிக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது.

முதலில் புருவத்துக்கு மேலே நாலைந்து செதில்கள். பிறகு நெற்றிமேட்டில். மூன்றாவது மாதம் முடிவதற்குள் உச்சந்தலை முழுவதும் மஞ்சள் பொருக்கு. உருகி வழிந்து இறுகிய மெழுகு போல, ஏடு ஏடாக. அதன் ஊடே மயிரிழைகள் சிக்கி, எண்ணெயில் ஊறிய நார் போலப் படுத்துக் கிடக்கும். விளிம்புகள் தூக்கிக்கொண்டு நிற்கும். வியர்த்தால் வாடை வரும். கெட்டுப்போன வெண்ணெயின் வாடை.

தடுப்பூசி போட்ட அன்று டாக்டர் தொப்பியைக் கழற்றி, வெறும் விரலால் தடவிப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. நிறையக் குழந்தைங்களுக்கு வரும். அழுக்கால வர்றதில்ல, தொத்தாது. எண்ணெய் தடவி ஊற வச்சு, மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால லேசாத் தேய்ச்சு, பாப்பா ஷாம்பு போட்டுக் கழுவிடுங்க. பிய்க்க மட்டும் பிய்க்காதீங்க" என்றார்.

அன்றே எண்ணெய் வாங்கினேன். பிரஷ்ஷும் வாங்கினேன். இரண்டும் சீல் உடைக்காமல் அலமாரியில் இருந்தன. குளிப்பாட்டும்போது குவளையைச் சாய்த்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவேன். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்கிறதோ இல்லையோ, தொப்பியை மாட்டிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அக்கா வந்து, "பாப்பாவை நான் கொண்டுபோய் வளர்க்கறேன் தம்பி" என்று கேட்டபோது நான் தலையாட்டிவிட்டேன். எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவியைப் பறிகொடுத்தவன், பாவம், தனியாக என்ன செய்வான் என்றார்கள். நான் எதை நினைத்துத் தலையாட்டினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று மாலை அக்கா வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"முதலாளி ராத்திரி ஓவர்டைம். அதான் இன்னும் கொட்டாவி விடறாரு" என்றார் அப்பா. அவர் குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவார். ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். எல்லா முதலாளிகளையும் திட்டியவர். இந்த ஒரு முதலாளியின் சொல்லுக்கு மட்டும் எழுந்து நிற்பார்.

"சாயங்காலம் அக்கா வர்றாங்கப்பா."

"தெரியும். துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டேன். மொத்தச் சொத்தும் ஒரே பையில அடங்கிருச்சு. இன்னும் பாதி இடம் காலியா இருக்கு."

நான் சட்டைப் பொத்தானைப் போட்டேன்.

"உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையாடா?"

"என்ன சொல்ல."

"கிணத்துல கல்லைப் போட்டாக்கூட ஒரு சத்தம் வரும்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்து. "உங்கப்பன்கிட்ட அதுவும் வராது முதலாளி."

கிளம்பும் முன் வியர்வையில் நனைந்த தொப்பியை மாற்றினேன். கழற்றிய தொப்பியின் உட்புறத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு செதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தொப்பியை எறிந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. எறியவில்லை. வேலைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து, செதிலைக் கவ்வி, ஜிப் வைத்த உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது மனசில் ஒட்டவில்லை. ஒரு பொருளை நம்ப வேண்டுமென்றால் எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

*

பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு வேலை, புகார்ப் பொருட்களைப் பரிசோதிப்பது. பாக்கெட்டில் ஏதாவது கிடந்தது என்று வாங்கினவர்கள் அனுப்பிவைப்பதெல்லாம் என் மேஜைக்கு வரும். முடி. நகத்துண்டு. கரப்பான் கால். ஒருமுறை, ரத்தம் காய்ந்த பிளாஸ்திரி. எதைப் பார்த்தும் நான் முகம் சுளித்ததில்லை. கரப்பான் காலின் நீளத்தை அளந்து எழுதிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். 'கல்லுளிமங்கன்' என்று பரிசோதனைக் கூடத்தில் பெயர்.

உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். நுண்ணோக்கியின் விளக்கைப் போடும்போது போன் அடித்தது. மனைவியின் அக்கா. பரிசோதனைக் கூடத்துக்குள் போன் பேசக் கூடாது. வராந்தாவுக்குப் போனேன்.

"தம்பி, தொட்டில் வாங்கிட்டேன். எங்க வீட்டுத் தடியனுங்க ரெண்டு பேரும் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துட்டானுங்க. பார்லரை நாலு மணிக்கே மூடிட்டு நேரா வந்துடறேன்."

"சரிக்கா."

"பாப்பாவோட தடுப்பூசி அட்டையையும் தவறாம எடுத்து வைங்க."

"சரிக்கா."

"சரிங்கறதைத் தவிர வேற ஏதாவது பேசுங்க தம்பி."

"சரிக்கா."

அக்கா ஒரு பெருமூச்சோடு போனை வைத்தார்.

திரும்பி வந்தபோது மேஜையில் உறை இல்லை.

"சார், சீக்கிரம் வாங்க" என்றார் பூதக்கண்ணாடி. என்னைவிட மூத்தவர், தடித்த கண்ணாடி போட்டவர், பக்கத்து மேஜைக்காரர். அந்தப் பெயரை அவரே ஏற்றுக்கொண்டு ரொம்ப காலமாகிறது. "கிரீம் பிஸ்கட் புகாரைப் பிரிச்சுட்டேன். என்ன கண்றாவி பாருங்க."

அவருடைய நுண்ணோக்கியில் குனிந்தேன்.

மஞ்சள் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இடையிடையே எண்ணெய்த் துளிகள் பளபளத்தன. நடுவே ஒரு முடி. மிக மெல்லியது. நுனி ஊசியாகக் கூர்ந்திருந்தது. ஒருமுறைகூடக் கத்தரிக்கோல் படாத முடியின் நுனி அப்படித்தான் இருக்கும். கத்தரிக்கோல் படாத முடி யாருடையதாக இருக்க முடியும்?

"மனுஷத் தோல் சார். பிசுக்கு ஏடு ஏடாப் படிஞ்சிருக்கு. மோந்து பார்த்தேன், குடலைப் புரட்டிருச்சு. சீ. எந்தப் பரட்டைத் தலையோ."

"இதை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"உங்க மேஜையிலதான். புகார்ப் பொட்டலத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சே. உடனே மீசைக்குச் சொல்லிட்டேன். லைனை நிறுத்திட்டாரு."

ஓடினேன்.

கிரீம் பிஸ்கட் லைன் நின்றிருந்தது. எப்போதும் காதைப் பிளக்கிற இடம் அது. இப்போது அடுப்பிலிருந்து பாதியில் வெளியே வந்த பிஸ்கட்டுகள் பெல்ட்டில் அசையாமல் கிடந்தன. தொழிலாளர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். எல்லோர் கையிலும் அவரவர் தொப்பி. லைன் சூப்பர்வைசரான மீசை, டார்ச்சோடு ஒவ்வொரு தலையாக மேய்ந்துகொண்டிருந்தார்.

"குனி. இன்னும் குனி. இது என்ன, பொடுகா?"

"மாவு சார்."

"தலையில எதுக்கும்மா மாவு?"

"பிஸ்கட் கம்பெனியில வேற என்ன சார் பறக்கும்?"

யாரோ சிரித்தார்கள். மீசை டார்ச்சைச் சிரிப்பு வந்த திசையில் திருப்பினார். "சிரிக்கறீங்களா? எவனோ குளிக்காத கழுதை, தலையைச் சொறிஞ்சு நம்ம பிஸ்கட்ல உதிர்த்திருக்கான். அந்த அசிங்கம் பிடிச்ச ஜென்மம் எதுன்னு தெரிஞ்சாகணும். தெரிஞ்ச அடுத்த நிமிஷம் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்ப முடியாது" என்றேன். "ஏற்கெனவே வீட்டுலதான் இருக்கா."

"யாரு?"

"என் பொண்ணு."

டார்ச் என் முகத்துக்கு வந்தது. பிறகு அணைந்தது.

"அது புகார்ல வந்தது இல்ல. நான் வீட்டுலேருந்து கொண்டுவந்தேன். என் தப்பு. லைனை ஓட விடுங்க."

"உங்க பொண்ணோட தலையையா இங்கே கொண்டுவந்தீங்க?" மீசைக்கு இன்னும் பிடிபடவில்லை. "அந்த அசிங்கத்தை எதுக்கு சார் பிஸ்கட் கம்பெனிக்கு…"

"அசிங்கம்னு சொல்லாதீங்க."

என் குரல் எனக்கே கேட்டது. மனைவி போனதிலிருந்து அது அந்த உயரத்துக்கு எழுந்ததில்லை.

"அவளுக்கு மூணு மாசம்தான் ஆகுது. தினம் குளிக்கறா. அது அழுக்கு இல்ல. அழுக்கால வர்றது இல்ல." டாக்டர் சொன்னதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "அசிங்கம்னு இனிமே சொல்லாதீங்க."

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாவுத் தலை அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு, "எங்க சின்னவனுக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு. இப்ப அவன் தலைக்குச் சீப்பு ஒரு வாரத்துக்குத் தாங்காது" என்றார்.

"லைன் நின்னதுக்குக் காரணம்னு நான் என்ன சொல்றது சார்?" என்றார் மீசை, பாவமாக.

"என் பேரைச் சொல்லுங்க."

பெல்ட் ஓடத் தொடங்கியது. வெந்ததும் வேகாததுமாக நின்றிருந்த பிஸ்கட்டுகளைக் கழிவுப் பெட்டியில் தள்ளினார்கள். நான் அங்கேயே நின்றேன். அந்தச் சொல்லை நானும்தான் சொல்லியிருந்தேன். தினமும், தொப்பியின் நாடாவைக் கட்டுகிற ஒவ்வொரு முறையும், மனசுக்குள். மீசையின் வாயிலிருந்து வந்தபோது அவர் என் குழந்தையின்மேல் துப்பியதுபோல் இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் பூதக்கண்ணாடி செதிலை மறுபடி உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். என் நாக்குல சனி. பச்சப்புள்ளைன்னு தெரியாமப் போச்சு. பிச்சா எடுத்தீங்க? ரத்தம் வந்திருக்குமே."

"பிக்கலை. தொப்பியில ஒட்டிட்டு வந்துச்சு. இடுக்கியால எடுத்தேன்."

"தொப்பியில இருந்ததை எடுக்கறதுக்கு இடுக்கி எதுக்கு?"

என் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாத முகத்தில் கண்கள் சின்னதாக, களைத்துப்போய்த் தெரிந்தன. "சார், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் தலையை நீங்க தொட்டிருக்கீங்களா இல்லையா?"

"தண்ணி ஊத்தறேன்."

"தொட்டிருக்கீங்களா?"

நான் நுண்ணோக்கியைப் பார்த்தேன்.

"சீ" என்றார். காலையில் சொன்னதைவிட மெதுவாக. "நான் அப்பவே அவசரப்பட்டுட்டேன் சார். இதைச் சொல்ல வேண்டிய இடம் வேற."

உறையைத் தன் வெறுங்கையால் எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அதற்குமேல் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

*

வீட்டு வாசலில் கார் நின்றது. அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார்.

கூடத்தில் குழந்தையின் துணிப்பை தயாராக இருந்தது. அப்பா அதற்குப் பக்கத்தில், வண்டிக்காகக் காத்திருக்கிறவர்போல் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மடியில் குழந்தை.

"வாங்க தம்பி. இந்த வெக்கையில எதுக்கு இதுக்குத் தொப்பி? கழுத்தெல்லாம் நசநசன்னு இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா நாடாவை அவிழ்த்தார்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தொப்பி கையோடு வந்துவிட்டது.

அக்கா மடியிலிருந்த குழந்தையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். மூக்கு சுருங்கியது. பிறகு தொப்பியின் உட்புறத்தைப் பார்த்தார். அதைத் தரையில் போட்டார்.

"எத்தனை நாளா இப்படியே விட்டு வச்சிருக்கீங்க?"

"கொஞ்ச நாளா."

"தினம் தலை பார்க்கறதே என் பொழப்பு. பொடுகு பார்த்திருக்கேன், பேன் பார்த்திருக்கேன், புண்ணு பார்த்திருக்கேன். எனக்கே பார்க்க முடியலை." என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். "இதை வச்சுக்கிட்டா முகத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிட்டு இருந்தீங்க?"

"ஆமாக்கா."

"மாமா, நீங்களாவது பார்க்கக் கூடாதா?"

"உச்சி துடிக்கறதைப் பார்த்தாலே எனக்குக் கை உதறுதும்மா" என்றார் அப்பா. "மலைப்பாதையில ராத்திரி லோடு இறக்கின கை. இந்தத் தலைக்கிட்ட போனா பிரேக் பிடிச்சுக்குது."

அக்கா தன் தோல்பையைத் திறந்தார். ஒரு பாட்டிலும் பேன் சீப்பும் வெளியே வந்தன. "பரவால்ல. என்கிட்ட மருந்து ஷாம்பு இருக்கு. போட்டுட்டு, இந்தச் சீப்பால இழுத்தா பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துடும். அப்புறம் கிளம்பறேன்."

சீப்பின் பற்களைப் பார்த்தேன். இரும்புப் பற்கள்.

"வேண்டாம்க்கா."

"பெரிய பெரிய கேஸெல்லாம் சரி பண்ணியிருக்கேன் தம்பி."

"அது பெரியவங்க ஷாம்பு. இவளுக்கு உச்சி இன்னும் மூடலை. பிஞ்சுத் தோல். சீப்பு போட்டா ரத்தம் வரும்."

"அப்ப என்னதான் பண்றது? இப்படியே காருல ஏத்தறதா?"

"குடுங்க" என்றேன். "நான் பண்றேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

அலமாரியிலிருந்து எண்ணெயை எடுத்து வந்து சீலை உடைத்தேன். அக்கா தன் பையிலிருந்து மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை உருவி நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டேன். குழந்தையை என் தொடையில் கிடத்தி, எண்ணெய் ஊற்றிய விரலைத் தலையில் வைத்தேன். ரப்பர் மயிரில் ஒட்டி இழுத்தது. குழந்தை முகத்தைக் கோணிக்கொண்டு அழுதது.

கையுறையைக் கழற்றிப் போட்டேன்.

வெறும் விரலை வைத்தேன்.

நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. வெயிலில் விட்ட சோப்பு போல, மேலே வறண்டு, அடியில் வழவழவென்று. எண்ணெய் பட்டதும் வாடை எழுந்தது. தொண்டைவரை வந்த குமட்டலை விழுங்கினேன். மறுபடி வந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறைக்கவில்லை.

"ஊறணும்" என்றேன். "கால் மணி நேரம்."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தது.

"அக்கா, போன ஞாயித்துக்கிழமை நான் தலையாட்டினது எதுக்குன்னு தெரியுமா?"

"தனியா முடியாதுன்னு."

"இதைத் தொட முடியாம."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் காலையில் பூதக்கண்ணாடி சொன்ன அதே சொல் இருந்தது. வாயைத் திறந்து சொல்லாததுதான் வித்தியாசம்.

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "குவளையை வச்சுக்கிட்டு ஒரு முழம் தள்ளி நின்னு ஊத்துவான். பூந்தொட்டிக்கு ஊத்தற மாதிரி. முதலாளியும் ஒண்ணும் பேசாம நனைஞ்சுட்டுப் போவாரு."

"தெரிஞ்சும் கேக்கலையா மாமா?"

"கேட்டா மட்டும் வாயைத் திறக்கப்போறானா? சரின்னுவான்."

பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். வட்டம் வட்டமாக. முதலில் ஒன்றும் நகரவில்லை. பிறகு விளிம்பில் ஒரு செதில் இளகி, மயிரிழைகளோடு பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரஷ்ஷில் ஒட்டியதை விரலால் வழித்துத் துணியில் துடைத்தேன். மஞ்சளாக, கூழாக. நகத்துக்கு அடியில் புகுந்தது. மறுபடி தேய்த்தேன். மறுபடி வழித்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கையை நீட்டி, அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு புதுத் துணி ஒன்றைக் கொடுத்தார்.

அருவருப்பு போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது.

பொருக்கு இளகிய இடத்தில் தோல் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல். உச்சியில் விரலை வைத்தபோது, விரலுக்கு அடியில் துடித்தது.

நான் கையை எடுக்கவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு போட்டுக் கழுவினேன். எண்ணெய் துளிகூட நிற்காமல் இரண்டு முறை அலசினேன். குழந்தை என் சட்டையை நனைத்தது. தண்ணீரால் அல்ல.

"சபாஷ் முதலாளி" என்றார் அப்பா. "வேலைக்காரனுக்குச் சம்பளம் குடுத்தாச்சு."

துண்டால் துடைத்துவிட்டு விளக்குக்குக் கீழே பார்த்தேன். நெற்றிப் பக்கம் பாதித் தலை சுத்தமாக இருந்தது. பின்னால் பாதி அப்படியே இருந்தது. இளகாததைத் தேய்த்தால் புண்ணாகும்.

"மீதி நாளைக்கு" என்றேன். "இல்லேன்னா நாளன்னிக்கு. தானா இளகி வரணும்."

அக்கா கிட்டே வந்து பார்த்தார். முதலில் தள்ளி நின்று. பிறகு குனிந்து.

"மீதியை எங்க வீட்டுல நான் பண்ணிக்கறேனே."

"இல்லக்கா."

"இல்லேன்னா?"

"மீதியும் நான்தான் பண்ணணும்."

"போன வாரம் சரின்னீங்க. தொட்டில் வாங்கியாச்சு. பசங்க ரூமைக் காலி பண்ணியாச்சு. இன்னைக்கு ஒரு நாள் தலையைத் தேய்ச்சுட்டீங்கன்னு எல்லாத்தையும் மாத்திக்கணுமா? நாளைக்கு வேற ஏதாவது வரும் தம்பி. பேதியாகும். வாந்தி எடுக்கும். சீழ் பிடிக்கும். அப்பல்லாம் இடுக்கியைத் தேடினா?"

யார் சொன்னார்கள் என்று திகைத்து அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். காலையில் நான் தொப்பியை வைத்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருக்கிறார்.

"தேடினாலும் தேடுவேன்" என்றேன். "தேடிட்டு, கையால எடுப்பேன்."

"பாதி வழியில டிரைவரை மாத்தக் கூடாதும்மா" என்றார் அப்பா, கூரையிடம். "லோடுக்கு நல்லதில்ல."

அக்கா துணிப்பையைப் பார்த்தார். அதைத் தூக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன். எங்க வீட்டுக்காரரும் வருவாரு. அன்னைக்கு உக்காந்து பேசுவோம். நான் இன்னும் விடலை, தெரிஞ்சுக்கங்க."

"சரிக்கா."

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா குனிந்தபடியே சொன்னார். "உங்களுக்கு நான் இவளைப் பறிச்சுட்டுப் போற மாதிரி இருக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி என் தங்கச்சி என் கையைப் பிடிச்சு, 'பாத்துக்க அக்கா'ன்னா. அவ கடைசியாப் பேசினது அதுதான். அதை நான் எப்படித் தம்பி விட முடியும்?"

குழந்தை என் தோளில் இருந்தது. தொப்பி இல்லாத ஈரத்தலை என் கழுத்தில் பட்டது. பாதி வழவழப்பாக, பாதி சொரசொரப்பாக.

"அதுக்கு அப்புறமும் பேசினாக்கா."

அக்கா செருப்பு வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எப்ப? நாங்க எல்லாரும் வெளியதானே இருந்தோம்."

"நான் உள்ள இருந்தேன். ஒரு நிமிஷம் விட்டாங்க."

"என்ன சொன்னா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கடைசி வார்த்தை இருந்தது. இது அதைப்போல் அழகாகவும் இல்லை.

"நர்ஸ் இவளைத் துணியில சுத்திக் கொண்டுவந்தாங்க. இன்னும் குளிப்பாட்டலை. தலையெல்லாம் ரத்தம், வெள்ளையா மெழுகு மாதிரி அப்பிக்கிட்டு. அவளால கண்ணையே சரியாத் திறக்க முடியலை. ஒரு விரலை மட்டும் தூக்கி இவ தலையில வச்சா. விரலை எடுத்துப் பார்த்தா. மூஞ்சியைச் சுளிச்சா. இப்ப நீங்க சுளிச்சீங்களே, அதே மாதிரி."

"அப்புறம்?"

"'அய்யே, என்ன இது, இப்படிப் பிசுபிசுன்னு இருக்கா'ன்னா. அப்புறம், 'பரவால்ல, இங்க குடுங்க'ன்னா."